யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நமது பத்திரிகைகளில் நெடுங்காலமாக ஊழியம் செய்துவரும் சித்திரப் பாத்திரங்கள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது. தீபாவளிக்கு மழை தவறினாலும் தவறும், தீபாவளி மலரில் அவர்கள் வருகை தவறாது. ஒருவர், நள்ளிரவில் தெருவிளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அதனிடம் குடும்பக் கஷ்டம் சொல்லும் குடியர். மற்றொருவர், "பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்று சொன்னால் "மண் பார்க்கவா வந்திருக்கிறார்கள்?" என்று கேட்கும் காது மந்தமான தாத்தா. இவர்களுக்குத் துணையாகத் திக்கிப் பேசுகிறவர் ஒருவர். காலை இழுத்து நடக்கிறவர் ஒருவர். தூணோடு மோதிக்கொண்டு தூணிடம் மன்னிப்புக் கேட்கும் பார்வை குறைந்தவர் ஒருவர்.

இவர்களைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. வரக்கூடாது என்று சொல்ல நாம் இங்கே புறப்படவில்லை. சிரிப்புக்கு 144 தடை உத்தரவு போடுகிற தேசம் உருப்படாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? அந்தச் சித்திரத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

சிரிக்காத முகங்கள்

பழைய திருச்சி ஜில்லாவின் வடபகுதியான பெரம்பலூர், அரியலூர்ச் சீமையை நேயர்கள் பலர் ரயில் ஜன்னல் வழியாகவோ, பஸ் ஜன்னல் வழியாகவோ பார்த்திருப்பார்கள். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அரியலூர் பிரிந்தது, மறு ஆண்டே திரும்பச் சேர்ந்தது, 2007-இல் மீண்டும் பிரிந்தது. மேற்கே பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்; கிழக்கே சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும். கல் உடைக்கிற ஊர், கல் சுமக்கிற ஊர், லாரி ஓட்டுகிற ஊர். இத்தகைய ஊர்களில் கை கால் ஊனமென்பது புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமன்று. உழைத்த அலுப்புக்கு மருந்தென்று மாலையில் கடைக்குப் போகிறவர் யார், போய் எந்நிலையில் திரும்புகிறார் என்பதும் எல்லா வீட்டுத் திண்ணைக்கும் தெரியும்.

உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தானாக வந்துவிடும். வகுப்பு முழுவதும் சிரிக்கும்போது, சிரிக்காத முகம் எது என்று கண் தேடும். மாணவர்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் தள்ளாடும் குடியன் படம் ஒன்று வந்தால் நாற்பது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேர் சிரிக்கிறார்கள். மீதி ஐந்து பேர் படத்தைப் பார்ப்பதில்லை; மேஜையைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படத்தில் இருப்பவர் பாத்திரமல்ல, அப்பா. இன்னும் விசித்திரம், அந்த ஐவரில் ஒருவன் சில சமயம் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது சிரிப்பல்ல. தன்னை யாரும் கண்டுகொள்ளாதபடி போட்டுக்கொண்ட போர்வை.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லலாகாது. பாஷையே நமக்கு அப்படிப் பழகிப்போயிருக்கிறது. "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்கிறோம். "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்கிறோம். சபையில் பதில் சொல்லாத மந்திரியை ஊமை என்கிறோம். உருப்படாத சமாதானத்தை நொண்டிச் சமாதானம் என்கிறோம். அந்த மந்திரி நன்றாகப் பேசக்கூடியவர், பேச மனமில்லாதவர். பேச முடியாதவரோ, பேச மனமிருந்தும் இயலாதவர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆயினும் மந்திரியின் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பவர், பாவம், அவர்தான்!

சினிமாவிலும் இதே கதை. 1991-இல் வெளிவந்து பட்டி தொட்டியெல்லாம் ஓடிய "சின்னத்தம்பி" படத்தில், மாலைக்கண் உள்ள பாத்திரமாக வந்து கவுண்டமணி நம்மை வயிறு குலுங்க வைத்தார். அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மாலைக்கண் எதனால் வருகிறது? பெரும்பாலும் வைட்டமின் ஏ சத்துக் குறைவினால். முருங்கைக் கீரையும், பாலும், முட்டையும் போதுமான அளவு கிடைக்காத ஏழைக் குழந்தைகளைத் தேடி வரும் வியாதி அது. நாம் அன்று சிரித்தது ஒரு மனிதனின் தடுமாற்றத்தைப் பார்த்து. தட்டில் கீரை இல்லாமற் போனதற்குக் காரணமானவர்கள் அந்தக் காட்சியில் வரவேயில்லை. ஆகவே அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இரட்டையர் வழி

அப்படியானால் உடற்குறையைப் பற்றி ஹாஸ்யமே கூடாதா? கூடும் என்று நமக்குக் காட்டியவர்கள் தமிழ்ப் புலவர்களே. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள் என்று கருதப்படும் இரட்டைப் புலவர்களைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் குறைவு. ஒருவருக்குக் கால் இல்லை. மற்றவருக்குக் கண் இல்லை. கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் ஏறிக்கொள்வார். இவர் வழி சொல்ல, அவர் நடக்க, இருவருமாகத் தமிழ்நாடெங்கும் சுற்றினார்கள் என்பது வரலாறு. பாட்டில் பாதியை ஒருவர் தொடங்குவார். மீதியை மற்றவர் முடிப்பார். தில்லைக் கலம்பகமும், திருவாமாத்தூர்க் கலம்பகமும், ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் தந்த செல்வங்கள்.

மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கண்ணில்லாதவர் துணி துவைத்துக் கொண்டிருந்தார். துணி கை நழுவித் தண்ணீரோடு போயிற்று. கரையில் உட்கார்ந்திருந்தவருக்குத் துணி போவது தெரிகிறது. எழுந்து போய் எடுக்கக் காலில்லை. குளத்தில் நின்றவருக்குக் கால் இருக்கிறது. துணி போன திசை தெரியவில்லை. நம்மைப் போன்றவர்களாயிருந்தால் ஒருவரையொருவர் நொந்துகொண்டிருப்போம். அவர்களோ அதை வெண்பாவாக்கிவிட்டார்கள்! தப்புதல் என்றால் துணியை அடித்துத் துவைத்தல்; தப்புதல் என்றால் நழுவி ஓடுதலும்தான். நாம் அதைத் தப்பினால் அது நம்மிடமிருந்து தப்பாமல் என்ன செய்யும் என்று ஒருவர் சிலேடையாகக் கேலி தொடங்கினார். துணி போனால் போகட்டும், சொக்கன் துணையிருக்கிறான் என்று மற்றவர் முடித்து வைத்தார்.

இந்தக் கதையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். உடற்குறை இந்த ஹாஸ்யத்தில் மறைக்கப்படவில்லை. கதையே அதனால்தான் நடக்கிறது. எனினும் கேலி செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். துணியை இழந்தவர்களே கேலியையும் செய்கிறார்கள். கரையில் நின்று வேடிக்கை பார்த்த மூன்றாம் மனிதன் ஒருவன் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், அது ஹாஸ்யமாகியிராது, அவமானமாகியிருக்கும்.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சித்திரக்காரர்

இரட்டையர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரில் இதே வித்தையைச் சித்திரத்தில் செய்து காட்டினார் ஒருவர். ஜான் காலஹன் என்பது அவர் பெயர். 1951-இல் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே குடிக்குப் பழகியவர். 1972-இல், 21-வது வயதில், குடிபோதையில் இருந்த நண்பர் ஓட்டிய மோட்டாரில் போகையில் பெரும் விபத்து நேர்ந்தது. முதுகுத்தண்டு சேதமுற்றுக் கைகால்கள் பெரும்பாலும் செயலற்றுப் போயின. இத்தோடு குடி நின்றிருக்கும் என்று நேயர்கள் எண்ணலாம். நிற்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேலும் ஆறு ஆண்டுகள் குடித்தார். 1978-இல்தான் விட்டார். பிறகு வலது கையில் பேனாவைப் பொருத்தி, இடது கையால் அதைத் தள்ளி நகர்த்தி, கோணல்மாணலான கோடுகளில் விகடச் சித்திரங்கள் போடத் தொடங்கினார்.

அவருடைய புகழ்பெற்ற சித்திரம் ஒன்று: பாலைவனத்தில் குதிரைமேல் வந்த காவலர் கூட்டம் ஒன்று நிற்கிறது. எதிரே, மணலில், காலியான சக்கர நாற்காலி. கவலைப்படவேண்டாம், ஆசாமி நடந்து வெகுதூரம் போயிருக்க முடியாது என்று தலைவர் தைரியம் சொல்கிறார். அந்த வாசகத்தையே 1989-இல் தமது சுயசரிதைக்கும் தலைப்பாக வைத்தார் காலஹன். 2018-இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2010-இல் காலமாகிவிட்டார்.

அவர் சித்திரங்களைக் கண்டு மனம் நொந்து பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதியவர்கள் ஏராளம். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தாம் எல்லை தாண்டிவிட்டோமா என்று அறிய அவர் வைத்திருந்த அளவுகோல் வேறு. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கையிழந்தவர்களும் என்ன சொல்கிறார்கள் என்றுதான் அவர் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள்? தினமும் தங்கள் தலைமேல் பொழியப்படும் "ஐயோ பாவம்" என்ற சொல்லினால் அவர்கள் அலுத்துப் போயிருந்தார்கள். காலஹன் சித்திரத்தைக் கூர்ந்து பார்த்தால் கேலிக்குள்ளாவது நாற்காலிக்காரர் அல்ல என்பது விளங்கும். ஒரு மனிதனைப் பிடிக்கப் பட்டாளமாகத் திரண்டு வந்து, நாற்காலியைக் கண்டதுமே தங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் அந்த வீரர்கள்தான்!

பரிதாபமும் ஒருவகைக் கேலிதான் என்பதை நம்மவர்கள் அதிகம் உணர்வதில்லை. மணமேடையிலும் மாரியம்மன் தேரிலும் ஒரு மனிதரை நிறுத்தி எல்லோரும் "உச்" கொட்டுவது அவருக்கு எப்படியிருக்கும்? நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளுகிறவரிடம் "இவருக்குக் காப்பி கொடுக்கலாமா?" என்று கேட்கிறோமே, இதைவிட ஹாஸ்யமான காட்சி உண்டா? இதைச் சித்திரமாகப் போட்டால் நாம் சிரிக்கலாம், சிரிக்கவும் வேண்டும். அந்தச் சிரிப்பு நம்மைப் பார்த்து நாமே சிரிப்பதாகும்.

நியாயஸ்தலம் சொன்னது

இந்த வித்தியாசத்தை நமது சுப்ரீம் கோர்ட்டும் எடுத்துச் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளை ஒரு ஹிந்திப் படம் இழிவாகக் காட்டிற்று என்று, தாமே மாற்றுத்திறனாளியான நிபுண் மல்ஹோத்ரா என்பவர் வழக்குத் தொடுத்தார். 2024 ஜூலை 8-ஆம் தேதி பிரதம நீதிபதி டி. ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே. பி. பர்திவாலா ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். படத்தைத் தடை செய்ய அவர்கள் முன்வரவில்லை. ஆனால் ஹாஸ்யத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். உடற்குறையைப் பற்றி உலகம் கொண்டிருக்கும் தவறான எண்ணத்தைத் தகர்க்கும் ஹாஸ்யம் ஒன்று. குறையுள்ளவரைத் தாழ்த்தி மேலும் முடமாக்கும் ஹாஸ்யம் மற்றொன்று. முன்னது வேண்டும், பின்னது ஆகாது. அவர்களைப் பற்றிப் படமெடுக்கிறவர்கள் அவர்களைக் கலந்துகொண்டு எடுக்க வேண்டும் என்றும் வழிகாட்டினார்கள். 2025 ஆகஸ்டில் அதே நியாயஸ்தலம், மேடையில் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த நகைச்சுவையாளர்கள் சிலரைப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கப் பணித்தது.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்வையில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். ஆனால் ஜெயிலைக் காட்டி வளர்க்கிற மரியாதை, ஜெயிலர் அந்தப் பக்கம் திரும்பும் வரையில்தான் நிற்கும். மனம் மாறுவதற்குச் சட்டம் போதாது. நல்ல சித்திரக்காரர்கள் வேண்டும்.

குடியனா, குடி விற்பவனா?

குடி விஷயத்துக்கு வருவோம். ஹாஸ்யத்தை மதுவிலக்குக்கு ஆயுதமாக்கிய பெருமை நம் நாட்டுக்கு உண்டு. 1929-இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து "விமோசனம்" என்ற பத்திரிகையை மதுவிலக்குக்காகவே தொடங்கினார். அவருக்குத் துணையாயிருந்து அதை நடத்தியவர், பின்னால் தமிழ்நாட்டையே சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. காந்திஜி தமது நிர்மாணத் திட்டத்தில் மதுவிலக்கையும் குஷ்டரோகிகளின் சேவையையும் ஒரே பட்டியலில் வைத்தார். 1937-இல் ராஜாஜி சர்க்கார் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948-இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1949-இல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் "நல்லதம்பி" படத்தில் சிரிக்கச் சிரிக்க மதுவிலக்குப் பிரசாரம் செய்தார். அந்த நாள் ஹாஸ்யத்தின் குறி, ஏழைக் குடியானவனின் கூலியைப் பறித்த கள்ளுக்கடையும், அதன் குத்தகைப் பணத்தில் கஜானாவை நிரப்பிய வெள்ளைக்கார சர்க்காரும்.

இன்றோ? 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது. பிறகு வந்தது, போயிற்று. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. 2023-24-இல் மதுவினால் அரசாங்கத்துக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை பெரிய வியாபாரத்தைக் கேலி செய்யும் சித்திரம் எத்தனை? தெருவில் விழுந்து கிடப்பவனைக் கேலி செய்யும் சித்திரம் எத்தனை? நேயர்களே தங்கள் கைப்பேசியில் எண்ணிப் பார்க்கட்டும். விழுந்தவனைக் கேலி செய்வதில் அபாயம் இல்லை. அவன் மானநஷ்ட வழக்குப் போடமாட்டான். 2015 அக்டோபரில், மதுக்கடைகளை எதிர்த்து எள்ளல் பாட்டுப் பாடிய கோவன் என்ற பாடகரைத் திருச்சியில் நள்ளிரவில் கைது செய்து, ராஜத்துரோகப் பிரிவின் கீழ் வழக்கும் போட்டார்கள். கேலி மேல்நோக்கிப் போனால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கீழ்நோக்கிப் போனால் இலவசம்!

இந்தக் கட்டுரையில் குடியரையும் உடற்குறையுள்ளவரையும் சேர்த்துப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். சேர்த்தது நாமல்ல. 2024 ஜூனில், பெரம்பலூருக்கு வடக்கே உள்ள கள்ளக்குறிச்சியில், விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். உடலுக்குள் போனதும் அது பார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் முதலில் தேடிப் பிடிக்கும் இடங்களில் ஒன்று கண் நரம்பு. ஆகவே உயிர் தப்பினாலும் கண் தப்புவது நிச்சயமில்லை. முதல் பக்கத்துச் சித்திரத்தில் தள்ளாடிச் சென்ற மனிதர்தான் அடுத்த பக்கத்தில் தூணில் மோதிக்கொள்கிறார். இரண்டு துணுக்குகளும் ஒரே வாழ்க்கையின் இரண்டு அத்தியாயங்கள். கல்குவாரியில் காலை இழந்து, வலி மறக்கக் குடிக்கப் போனவருக்கு அத்தியாயங்கள் முன்பின்னாக வரும், கதை ஒன்றே.

குடி ஒரு துர்ப்பழக்கம் மட்டுமல்ல, நோய் என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவி, எத்தனையோ குடும்பங்களை மீட்டிருக்கிறார். அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய குடியை விட்டோர் சங்கத்தின் கூட்டங்களில் கேட்கும் சிரிப்பைப் பற்றிக் காலஹனும் அறிவார். அவர் மீண்டது அத்தகைய கூட்டத்தில்தான். அங்கே குடித்துக் கெட்டவர்கள் தங்கள் அசட்டுத்தனங்களைத் தாங்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். வெட்கம் மனிதனை இருட்டறைக்கு விரட்டுகிறது. அந்தச் சிரிப்போ அவனை வெளியே அழைத்து வருகிறது.

மூன்று கேள்விகள்

ஆகவே, ஹாஸ்யத்துக்குக் கடிவாளம் வேண்டாம். வாசகருக்குக் கொஞ்சம் விவேகம் போதும். வீட்டிலோ பள்ளியிலோ இத்தகைய சித்திரம் ஒன்று கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். முதலாவது, இந்தக் கேலியைச் செய்வது யார்? பட்டவரா, பார்த்தவரா? இரண்டாவது, கேலி எங்கே போய் விழுகிறது? காலின் மீதா, அந்தக் கால் ஏறமுடியாத படிக்கட்டின் மீதா? குடியன் மீதா, கடை மீதா? மூன்றாவது, படத்தில் உள்ள மனிதர் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அவரிடம் இதை நீட்டி, "பாருங்கள்" என்று நாம் சொல்லுவோமா? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் இரண்டும் தாமாகவே தீர்ந்துவிடும்.

பிள்ளைகளிடம் "சிரிக்காதே" என்று அதட்டுவதில் பயனில்லை. அதட்டினால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். "இதே விஷயத்தை நாற்காலியில் இருப்பவர் வரைந்தால் எப்படி வரைவார்?" என்று கேட்டுப் பாருங்கள். அதே பிள்ளைகள் ஆச்சரியமான படங்கள் போடுகிறார்கள். ரேஷன் கடைக்கு நாலு படி. நாலாவது படிக்கு மேலே, "மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை" என்ற போர்டு! இந்தப் படத்தைப் பார்த்து வகுப்பில் நாற்பது பேரும் சிரிக்கிறார்கள். மேஜையைப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை.

விகடனில் தலைமுறை தலைமுறையாக நம்மைச் சிரிக்க வைத்த ஓவியர் கோபுலு, முதிய வயதில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது பேசாமல் இருந்துவிடவில்லை. இடது கையைப் பழக்கிக் கொண்டு மீண்டும் வரைந்தார். சித்திரம் கையில் இல்லை, கண்ணிலும் நெஞ்சிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பெரம்பலூரிலும் அரியலூரிலும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருவையெல்லாம் கவனித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதுநாள் வரை அவர்களைப் பார்த்து ஊர் சிரித்திருக்கலாம். ஊரைப் பார்த்துச் சிரிப்பதற்கு வேண்டிய விஷயம் அவர்களிடம் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் கையில் ஒரு பென்சிலையும் நாலு தாளையும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் போடும் படத்தில் நாம் எல்லோரும் இருப்போம். கொஞ்சம் அசடு வழியத்தான் இருப்போம். பரவாயில்லை, அந்தச் சிரிப்பு நமக்கு வேண்டியதுதான்.